நிலையோடு ஒரு கதவு

எங்கள் முதலாளிக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே அவர் கட்டிவரும் தங்கும் விடுதிக்குப் 'பாரம்பரிய இல்லம்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஓடு வேய்கிற வேலையே இன்னும் முடியவில்லை. ஆனால் உள்ளே காலெடுத்து வைப்பவர் யாரும் அதை நூறு வயதுக்குக் குறைவாக மதித்துவிடக் கூடாது என்பது அவர் உத்தரவு. ஆத்தங்குடிக் கல் வந்தாயிற்று. யார் யார் வீட்டுப் பரணிலிருந்தோ பித்தளை அண்டாக்கள் வந்து வரவேற்பறையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. பாக்கி வாசல் கதவுதான். அது பர்மாத் தேக்கில் இருக்க வேண்டும், அதுவும் பர்மாவுக்கே போய் எடுத்துவர வேண்டும் என்றார். விடுதிக்குச் சாமான் வாங்குவது என் வேலை. காரைக்குடிப் பக்கம் வீடுகள் இடிந்துகொண்டேதான் இருக்கின்றன, பர்மாத் தேக்குக் கதவு அங்கேயே கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது எல்லாரும் வாங்குறதும்மா ரேவதி. ரங்கூன்ல ஒரு மாளிகையில இருந்த கதவுன்னு வர்றவங்ககிட்டச் சொன்னா அந்தக் கெத்தே தனி. நெலையோட வாங்கிட்டு வா. நெலை இல்லாத கதவு வெறும் பலகை."

அந்தக் காலத்தில் நம் ஆட்கள் பர்மாக் காட்டை வெட்டிக் கப்பலில் ஏற்றி வந்து வீடு கட்டினார்கள். இப்போது நாங்கள் அவர்கள் வீட்டு வாசலைக் கழற்றி வரக் கிளம்பிவிட்டோம். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

ரங்கூனுக்கு இப்போது யாங்கோன் என்று பெயர். அதன் விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் கோ செல்வம்; 'கோ' என்றால் அவர்கள் ஊரில் 'அண்ணன்'. நாற்பது வயது, கைலி, வெற்றிலை வாய். கொள்ளுத்தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவராம். அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பர்மியப் பெயர் இருக்கிறது. செல்வம் என்பது மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் அவர் தெருவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் பெயர். வாடகைக் கார் ஓட்டுவதும் தமிழ் பேசும் வியாபாரிகளுக்கு மொழிபெயர்ப்பதும் அவர் பிழைப்பு.

காரில் நான் பின்னால் ஏறப் போனேன். "முன்னாடி உக்காருங்கக்கா, உங்களால ஒரு ஒத்தாசை வேணும்" என்றார். இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஆனால் பாதி வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. ஜப்பானில் ஓட்டித் தள்ளிவிட்ட வண்டிகள். ஆகவே முந்திப் போக நினைக்கும் ஓட்டுநருக்கு எதிரே என்ன வருகிறதென்றே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வருதாக்கா?"

"லாரி வருது."

"ரொம்பப் பக்கமாவா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் லாரி என் முழங்கையைத் தடவிக்கொண்டு போயிற்று. நான் தங்கும் ஓட்டல் வந்து சேர்வதற்குள் அந்த ஊர் போக்குவரத்தில் நான் பாதி உத்தியோகம் பார்த்துவிட்டேன்.

சாயந்திரம் ஊருக்குள் நடந்தோம். கிரேக்கத் தூண், ரோமானிய வளைவு, மூக்குடைந்த சிங்கம், இங்கிலாந்தில் மிச்சமானதையெல்லாம் கொண்டுவந்து கொட்டின மாதிரி ஒரு தெருவே இருக்கிறது. வெள்ளைக்காரன் திட்டம் போட்டான், நம் ஆட்கள் செங்கல் சுமந்தார்கள், பர்மாக்காரர்கள் குடியிருக்கிறார்கள், ஆலமரம் உரிமை கொண்டாடுகிறது. ஒவ்வொரு கட்டடத்தின் நெற்றியிலும் ஓர் ஆலங்கன்று முளைத்து, வேரைச் சுவருக்குள் விட்டுக்கொண்டு சாவகாசமாக நிற்கிறது. அதற்கு அவசரமில்லை.

ஒரு பழைய வங்கியைக் காப்பிக் கடையாக்கியிருந்தார்கள். பணம் எண்ணிய கூண்டுக்குள் இப்போது கேக். சுவரெல்லாம் அந்தக் காலத்துப் புகைப்படங்கள். அவற்றில் துரைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், மற்றவர்கள் நிற்கிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு வெளிநாட்டு அம்மாள் கண்கலங்கி, "எவ்வளவு அழகான காலம்!" என்று தன் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே கட்டடத்தின் பின்பக்கச் சந்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ தின்று வளர்ந்தவள் நான். நிஜ அத்தோவை அதன் சொந்த ஊரில் தின்று பார்க்க வேண்டுமென்று செல்வத்திடம் சொன்னேன்.

"அத்தோவா? அப்படின்னா?"

"பர்மாச் சாப்பாடுங்க. உங்க ஊர் சாப்பாடு!"

கொஞ்சம் யோசித்தார். "அதொக்கா? பெசஞ்சதைத்தான் அதொக்கும்போம். எதப் பெசஞ்சது? நூடுல்ஸா, இஞ்சியா, தேயிலையா?"

நாற்பது வருடமாக நான் 'பிசைந்தது ஒரு பிளேட் குடு' என்று கேட்டுத் தின்றிருக்கிறேன். வெட்கத்தை மறைக்கத் தேயிலை என்றேன். நம் வீட்டில் வடிகட்டிச் செடிக்குப் போடுவதை இங்கே ஊறவைத்து, வறுத்த பயறும் பூண்டும் நிலக்கடலையும் போட்டுப் பிசைந்து தருகிறார்கள். முதல் வாய் கசந்தது. இரண்டாவது வாய்க்கு மேல் செல்வத்துக்கு மிச்சம் வைக்கவில்லை. கடையில் முக்காலிகள் முழங்கால் உயரம்கூட இல்லை. பெரிய பெரிய ஆட்களெல்லாம் பாலர் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி குந்தியிருந்தார்கள். திடீரென்று என் பின்னால் ஒருவர் 'உம்மா' கொடுக்கிற சத்தம் எழுப்பினார். திரும்பி முறைத்தேன்.

"உங்கள இல்லக்கா" என்றார் செல்வம் அவசரமாக. "டீ கொண்டாரவங்களக் கூப்புடுறாங்க. இங்க அப்படித்தான்."

மறுநாள் கியாக்தானுக்குப் போனோம். முதலாளி போனில் பேசி முடித்திருந்த மர வியாபாரி ஊ தெய்னின் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. 'ஊ' என்பது நம் ஊர் 'ஐயா' மாதிரி. பாலத்தைத் தாண்டினதும் மழை பிடித்துக்கொண்டது. மழை பிடித்ததும் வண்டியின் வைப்பர் நின்றுபோயிற்று. செல்வம் அலட்டிக்கொள்ளவில்லை. வைப்பரின் இரண்டு கையிலும் கயிற்றைக் கட்டி, ஒரு முனையைத் தன் ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டு மறுமுனையை என் கையில் கொடுத்தார். அவர் இழுத்தால் நான் விட வேண்டும், நான் இழுத்தால் அவர் விட வேண்டும். தயிர் கடைகிற மாதிரி கடைந்துகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தோம். நனைந்த கையோடு ஆற்றுத்துறையில் இறால் வடை தின்றேன். ஆற்றின் நடுவே தீவில் நின்ற கோயில் மழையில் தங்கமாகக் கரைந்துகொண்டிருந்தது. படகில் போய்ப் பார்க்க நேரமில்லை. கதவுதான் முக்கியம்.

ஊ தெய்ன் உருண்டையாக, வாசனையாக இருந்தார். கிடங்கு நிறையக் கதவுகள். தட்டினால் வெண்கலம் மாதிரி கணீரென்றன, பூச்சி அரித்த துளைகள்கூட அழகாக இருந்தன. எனக்கு வாயெல்லாம் பல். அப்போது பின்கட்டிலிருந்து சங்கிலிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒருவர் புதுக் கதவை இரும்புச் சங்கிலியால் அடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் அண்டா நிறையத் தேயிலை காய்ச்சி அதன் மேல் பூசிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் ஊசி மாதிரியான துளைக்கருவியால் பூச்சித் துளை போட்டுக்கொண்டிருந்தார், ஒரு கலைஞனின் பொறுமையோடு.

ஊ தெய்ன் வெட்கப்படவில்லை. செல்வம் மொழிபெயர்த்தார்: "பழசாக நூறு வருஷம் ஆகும். யாருக்குப் பொறுமை இருக்கு? நான் ஒரு வாரத்துல தர்றேன்னு சொல்றாரு."

முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "டுப்ளிகேட் வாங்கறதுக்கா உன்னய அங்க அனுப்பிச்சேன்? செவுத்துல நிக்கிற கதவாப் பாத்து, கண்ணு முன்னால கழட்டச் சொல்லு."

ஊ தெய்ன் அதற்கும் சிரித்தார். நாளைக்கே காட்டுகிறேன் என்றார்.

மறுநாள் யாங்கோனில், பசுந்தாங் பகுதியில், ஓடைக்குப் பக்கத்துத் தெருவில், அந்தக் கதவு நின்றது. நான்கு மாடிக் கட்டடம். பல்லிடுக்குக் கறை மாதிரி சுவரெங்கும் பாசி. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் நுனியில் கிளிப் மாட்டின கயிறு தெருவரை தொங்கியது. காய்காரி கீழிருந்து ஒரு கயிற்றை ஆட்டினாள், மேலே மணி அடித்தது, கீரைக்கட்டு தானாக வானத்துக்கு ஏறிப்போயிற்று. மின்தூக்கி இல்லாத ஊர் கண்டுபிடித்த மின்தூக்கி, மின்சாரமும் வேண்டாம்.

கதவைப் பார்த்ததும் நான் முதலாளியை மன்னித்துவிட்டேன். இரட்டைக் கதவு, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. மேலே விசிறி மாதிரி விரிந்த மரச் சட்டங்களுக்குள் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி, பாதிதான் மிச்சம். நிலையின் இரண்டு பக்கமும் திராட்சைக் கொடி ஏறியிருந்தது. அதைச் செதுக்கியவர் வாழ்நாளில் திராட்சையைப் பார்த்திருக்க மாட்டார், சுண்டைக்காய் மாதிரி இருந்தது. சங்கிலியும் தேயிலையும் செய்ய முடியாத பழசு.

"ஊ தெய்ன் ஏற்கனவே வாங்கிட்டாராம்" என்றார் செல்வம். "நாளைக்கே கழட்டித் தர்றாராம்."

அவர் சொல்லும்போதே அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சோற்றுக் கேரியரோடு வெளியே வந்தாள். ஒருவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மாடியில் குடியிருக்கிற அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான் வாசல்.

நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். தலைக்கு மேலேயிருந்து ஒரு குரல் விழுந்தது, சுத்தமான தமிழில்:

"வந்துட்டா பாரு ஒருத்தி. எழவு வீட்டுல பாயத் தூக்க வந்த மாதிரி."

நிமிர்ந்தேன். மூன்றாவது மாடிப் பால்கனியில், கன்னத்தில் வட்டமாகத் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய ஓர் அம்மாள் ஒரு சிவப்பு வாளியைக் கயிற்றில் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். வாளியில் தோசை மாவு.

"பாயத் தூக்க வரலைங்க" என்றேன். "கதவத் தூக்கத்தான் வந்தேன்."

கயிறு அப்படியே நின்றது. வாளி நடுவானத்தில் ஆடியது. பிறகு அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அட, தமிழு! ஒசக்க வாங்க தங்கச்சி. கீழ நின்னு பேசுனா கழுத்து வலிக்கும்."

அவர் பெயர் கமலா. தெரு அவரை 'டோ கமலா' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. வாசலுக்கு எதிரே நடைபாதையில் தோசைக்கடை போட்டிருக்கிறார். மாவு மேலே அரைபட்டு வாளியில் இறங்குகிறது. படியேறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிற்று. கூடத்தில் ஜன்னலோரம் அவர் வீட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், இளைப்பு நோய். எனக்கு வாங்கினதைவிட அவருக்கு அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அந்தக் கதவு உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்போல" என்றேன், பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்.

"பிடிக்கவா? சனியன் புடிச்ச கதவு. மழை பெஞ்சா ஊதிக்கும். ஊதுனா தெறக்காது. எங்க வூட்டுக்காரரு வெரல ஒருக்கா நசுக்கிச்சு. நாளைக்கே எடுத்துட்டுப் போனாலும் யபாதே, போகட்டும்பேன். ஆனா அதுக்கப்புறம் என்ன வருதுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

கமலா அக்கா சொன்னார். கீழ்த்தளத்தில் ஊ சோ என்பவருக்கு ஜெனரேட்டர் கடை, வாசலுக்கு நேர் மேலே முதல் மாடியில் வீடு. பாதி நாள் கரண்ட் இல்லாத ஊரில் அந்த வியாபாரத்துக்கு என்ன குறை? சரக்கு வைக்க இடம் போதவில்லை. படிக்கட்டு அடியிலிருக்கும் நடைகூடத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே கண். கதவை விற்றுவிட்டு, இரும்பு ஷட்டர் போட்டு, உள்ளே ஜெனரேட்டர் அடுக்கப் போகிறார். கதவை விற்றதும் அவரே, மற்ற வீட்டுக்காரர்கள் யாரையும் கேட்காமல். ஷட்டர் சாவியும் அவரிடம்தான் இருக்கும்.

"போன மழைக்கு இவருக்கு மூச்சு நின்னுபோற மாதிரி ஆயிருச்சு. நாற்காலியோட தூக்கி இந்தப் படியிலதான் எறக்குனோம், நாலு பேரு. நேரங்கெட்ட நேரம். அப்ப ஷட்டரு பூட்டியிருந்தா ஊ சோவ எங்க போயித் தேடுறது? பின்சந்து வழியாப் போங்கன்றாரு. அந்தச் சந்துல எலியே காலத் தூக்கித்தான் நடக்குது."

அவர் வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "அவங்கள ஏன் போட்டு வதைக்கிற? அவங்க வாங்கலேன்னா வேற ஒருத்தன் வாங்குவான்."

அதைத்தான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் வாயில் கேட்கும்போது அவ்வளவு நன்றாக இல்லை.

கீழே இறங்கி, அங்கே காத்திருந்த ஊ தெய்னிடம் சொன்னேன்: மாடியில் இருக்கிறவர்கள் எல்லாரும் சம்மதித்தால்தான் இந்தக் கதவு எனக்கு வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். செல்வம் அதை இரண்டு தரம், கையை ஆட்டி, அழுத்திச் சொன்னார். ஊ தெய்ன் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். சாயந்திரம் முதலாளியிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, அங்க அது ஈரக் கூடையோட முட்டிக்கிட்டுக் கெடக்குது. நம்மகிட்ட வந்தா விளக்குப் போட்டு, கயிறு கட்டி, யாரும் தொடாமப் பாத்துக்குவோம். கதவுக்கு எது மரியாதைன்னு நீயே சொல்லு."

யாரும் தொடாத கதவை எப்படித் திறப்பது என்று கேட்க நினைத்தேன்.

மறுநாள் காலை மீன் சாறு ஊற்றின மொஹிங்கா நூடுல்ஸை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வம் ஓடி வந்தார். "அக்கா, எந்திரிங்க. கதவக் கழட்டிக்கிட்டு இருக்கானுவ."

போய்ச் சேரும்போது இரண்டு கதவும் ஏற்கனவே கழன்று, சாக்கு சுற்றி, எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தன. ஊ தெய்னின் தச்சர்கள் வலப்பக்க நிலைக்காலின் அடியில் கடப்பாரை போட்டு நெம்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே படிக்கட்டில் கமலா அக்கா மடியில் மாவுப் பாத்திரத்தோடு நகராமல் உட்கார்ந்திருந்தார். ஊ சோ அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ஊ சோவின் மனைவி முதல் மாடிப் பால்கனியில் நின்று, சினிமா பார்க்கிற மாதிரி, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்றேன்.

ஊ தெய்ன் சிரித்தபடி வந்தார். எல்லாரும் சம்மதித்துவிட்டார்களாம்.

"எல்லாரும்னா யாரு?"

"ஊ சோ" என்று மொழிபெயர்த்தார் செல்வம்.

அந்த நேரம் 'டப்' என்று ஒரு சத்தம். பெரிதாக ஒன்றுமில்லை, தேங்காய் உடைக்கிற மாதிரி. வாசல் வளைவிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. பிறகு ஒரு செங்கல். பிறகு மூன்று. சுவருக்குள்ளிருந்து ஆலம்வேர் ஒன்று, கட்டை விரல் பருமனில், வெளியே எட்டிப் பார்த்தது. வளைவின் நடுவில் தொடங்கிய வெடிப்பு எங்கள் கண்ணெதிரே பால்கனியை நோக்கி ஏறியது.

தச்சர் கடப்பாரையை எறிந்துவிட்டு நிலைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினார். செல்வம் ஓடிக்கொண்டே மொழிபெயர்த்தார்: "செங்கல் வளைவு எப்பவோ வுட்டுப்போச்சாம்! நெலைதான் தாங்குதாம்! பால்கனி எறங்குதாம்!"

யார் எப்போது ஓடினோம் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நினைவு, நான் இடப்பக்க நிலைக்காலில் முதுகைக் கொடுத்து உந்திக்கொண்டிருக்கிறேன். மரத்திராட்சைகள் முதுகெலும்பில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளும்படி குத்துகின்றன. என் தோளோடு தோளாகக் கமலா அக்கா. மாவுப் பாத்திரம் எங்கே போயிற்றோ, என் காலெல்லாம் மாவு. எதிர்க் காலில் செல்வமும் தச்சரும். ஊ சோ மேலே பார்த்து மனைவியின் பெயரைச் சொல்லிக் கதறினார். அந்த அம்மாள் விதைப் பொட்டலத்தை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். பொட்டலம் எங்கள் தலையில் கொட்டியது. பிறகு ஊ சோவும் வந்து எனக்கும் கமலா அக்காவுக்கும் நடுவே தோளைக் கொடுத்தார். ஊ தெய்ன் தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து எங்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பைக்குள் போன் அடித்தது. எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிக்கும் ஆள் அவர். தெருவில் நின்ற காய்காரி அம்மாள் நல்லெண்ணத்தில் அதை எடுத்து என் காதில் வைத்துவிட்டாள்.

"ரேவதி, கழட்டியாச்சா?"

"சார்... தாங்கிக்கிட்டு இருக்கேன் சார்."

"நீயேவா? சபாஷ். பாத்துத் தாங்கு. கீழ வெச்சுடாத, ஓரமெல்லாம் அடிபட்டுடும்."

"வைக்க முடியாது சார்" என்றேன். அதுவரை அவரிடம் நான் அவ்வளவு உண்மை பேசினதில்லை.

பக்கத்துத் தெருவில் கட்டிட வேலை நடந்த இடத்திலிருந்து இரும்பு முட்டுகள் வந்தன. ஆட்கள் ஓடி வந்து ஒன்றன்பின் ஒன்றாக முட்டுக் கொடுத்தார்கள். "விடலாம்" என்று தச்சர் சொன்ன பிறகும் எங்கள் நால்வருக்கும் முதுகை எடுக்கப் பயமாக இருந்தது. நகர்ந்த நிலைக்காலை அடித்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள், ஆப்பு வைத்தார்கள். அத்தோடு வேலை முடிந்தது என்று தச்சர் சொன்னார். ஊ சோ கேட்கவில்லை. கதவையும் மாட்டு, கதவையும் மாட்டு என்று நின்றார். கதவு பாரம் தாங்காது, நிலைதான் தாங்கும் என்று தச்சர் எவ்வளவோ விளக்கினார். மேலே தன் கட்டில் எங்கே கிடக்கிறது என்று தெரிந்த மனிதரிடம் விளக்கம் எடுபடுமா? மத்தியானத்துக்குள் இரண்டு கதவும் மாட்டியாயிற்று.

மாட்டி முடிந்ததும் கமலா அக்கா படியில் ஏறி நின்றார். பால்கனி தோறும் ஆட்கள். அவர் பர்மிய மொழியில் பேச, செல்வம் எனக்குக் காதோடு சொன்னார்.

"ஊ சோ, இப்பச் சொல்லுங்க. இந்த நடைகூடம் யாருது?"

ஊ சோ தரையைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"மேல கேக்கல."

"எல்லாருடையது" என்றார் ஊ சோ.

"நாலாம் மச்சுக்குக் கேக்கலையாம்."

"எல்லாருடையது!" என்று அவர் கத்தினார். தெரு சிரித்தது. அவர் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ஊ சோ முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் நடைகூடத்தில் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருந்த இரண்டு ஜெனரேட்டர்களையும் அவரே இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது என்று எழுத ஆசை. இருக்கவில்லை.

ஊ தெய்ன் போகும்போது தன் அட்டையைக் கொடுத்தார். அதே திராட்சைக் கொடியோடு, அதைவிட நல்ல பழசாக, ஒரு வாரத்தில் செய்து தருகிறாராம்.

சாயந்திரம் கமலா அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்து தோசை தின்றேன். காலையில் சிந்தினது போக மிஞ்சின மாவு, கொஞ்சம் புளித்திருந்தது. தொட்டுக்கொள்ள வறுத்த இறால் பொடி. முதுகை நிமிர்த்த முடியவில்லை. அவர் வீட்டுக்காரர் தன் தலையணையை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தார். கமலா அக்கா கல்லில் அடுத்த தோசையை ஊற்றிக்கொண்டே, "வேலைக்கு ஆபத்து வருமா தங்கச்சி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பொள்ளாச்சியில் வேலை போனால் ரங்கூனில் மாவு அரைக்க ஆள் வேண்டும் என்றார்.

முதலாளி கூப்பிட்டார். கை முழுக்க இறால் பொடி, ஸ்பீக்கரில் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்: வளைவு, வேர், பால்கனி, நிலை. நிலையை எடுத்தால் வீடு இறங்கிவிடும், ஆகவே கதவு கிடையாது. இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பிடியா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசம், ஆர்வம் இருந்தது. "ஒரு வீட்டையே தாங்குற நெலையா? அப்ப ஒண்ணு செய். அந்தக் கட்டடத்தையே கேட்டுப் பாரு. கல்லுக்குக் கல்லு நம்பர் போட்டுப் பிரிச்சு, கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து இங்க அப்படியே நிறுத்திடலாம்."

கமலா அக்கா தோசைக் கரண்டியோடு திரும்பினார். போனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, அவர் தூரத்தில் இருக்கிறார் என்பதால் நன்றாகவே குரலை உயர்த்திச் சொன்னார்:

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. மொட்டமாடி நாலு எடத்துல ஒழுகுது, அதுக்கும் நம்பர் போடுங்க. ஆலமரத்துக்கு ஒரு நம்பர். எலிக்கு ஒண்ணு. ஊ சோவுக்கு ஒண்ணு. எங்க வூட்டுக்காரருக்கு மூணு நம்பர் போடணும், அவர நாற்காலியோட தூக்கணும். அப்புறம் நானு. ஒருத்தர வுட்டுட்டுப் பிரிச்சீங்கன்னா வூடு நிக்காது, ஆமா."

அவர் வீட்டுக்காரருக்குச் சிரிப்பில் இளைப்பு வந்துவிட்டது. கமலா அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு அவர் முதுகைத் தடவப் போனார்.

"யாரும்மா அது?" என்றார் முதலாளி.

"வீட்டுக்காரங்க, சார்" என்றேன்.